காணாது வழங்கும் பரிசில்

கல்வித்துறையில் இன்று வழங்கும் சொற்களுள் 'புலமைப்பரிசில்' என்பது தமிழிலக்கிய மரபின் நினைவொன்றைத் தன்னகத்தே கொண்டதாகும். பரிசில் என்பது சங்ககாலத்துப் புலவனுக்கும் புரவலனுக்கும் இடையே நிலவிய உறவைச் சுட்டுவது. அவ்வுறவு வெறுங் கொடுத்தலும் கொள்ளலும் அன்று. பெறுவோனின் தகுதியை அறிந்து கொடுத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதனைப் பண்டையோர் வரிசையறிதல் என்றனர். அதியமான் நெடுமானஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றிற் பதிவாகியுள்ளது. பொருளின் அளவு அவரது மறுப்புக்குக் காரணமன்று. தாம் காணப்படாமையே காரணமாயிற்று.

இன்றைய சமூக அமைப்பிற் பரிசில் வழங்குபவன் அரசனல்லன்; விதியே வழங்குகின்றது. விதிக்குக் கண்ணில்லை. அது மனிதரை நேரே காண்பதில்லை. புள்ளி, குடும்ப வருமானம், மாவட்டம், பதக்கம் என்னும் அளவுகோல்களின் வாயிலாகவே காண்கின்றது. ஆதலால் உதவித்திட்டம் ஒன்றினை மதிப்பிட முனைவோர் அது எவ்வளவு வழங்குகின்றது என்று கேட்பதோடு அமைதல் போதாது. அது எதனைக் காண்கின்றது, எதனைக் காணாது விடுகின்றது என்பதும் கேட்கப்படல் வேண்டும். இவ்வினாவை ஈச்சிலம்பற்று என்னும் ஓர் ஊரிலிருந்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈச்சிலம்பற்று திருக்கோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றை அண்டிய நிலப்பரப்பு. ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். நிர்வாகத்தில் இது வெருகல் பிரதேச செயலாளர் பிரிவுக்குரியது. கல்வி நிர்வாகத்தில் மூதூர் வலயத்தின் ஒரு கோட்டம். நெற்செய்கையும் சேனைப்பயிரும் மீன்பிடியும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். வெருகல் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் திருவிழாவே வெளியூரார் இப்பகுதியை நினைவுகூரும் வேளை எனலாம்.

கிழக்கிலங்கைக் கிராமங்கள் பலவற்றிற் போல இங்கும் எல்லே என்னும் ஆட்டம் அறியப்பட்டது. தடியாற் பந்தை அடித்து, வகுத்த பாதையில் ஓடி, தரிப்பிடங்களைக் கடந்து மீளுதல் அதன் இயல்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டுவதில்லை. இவ்வாட்டத்தோடு உறவு கொண்டாடத்தக்க பேஸ்போல் என்னும் ஆட்டம் ஐக்கிய அமெரிக்காவிலே பல்கலைக்கழகக் கட்டணத்தைச் செலுத்தும் நாணயமாக மாறியுள்ளது. தடியைப் பிடிக்கும் கையின் திறமை ஓரிடத்தில் மாலைநேர மகிழ்ச்சியாகவும் பிறிதோரிடத்திற் கல்விக்கான வழியாகவும் அமைதல் நோக்கற்பாலது. எனினும் அவ்வழி வெளியிலிருந்து தோன்றுமளவு அகலமானதன்று. அதன் விதிகளைச் சற்று விரிவாக நோக்குதல் நமது விதிகளை விளங்கிக்கொள்வதற்கும் துணைபுரியும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டினை நெறிப்படுத்தும் பெருநிறுவனம் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதன் முதற்பிரிவைச் சேர்ந்த பேஸ்போல் அணியொன்றுக்கு நெடுங்காலமாக 11.7 முழுப் புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. தசமப் புள்ளியோடு கூடிய இவ்வெண் வியப்பூட்டுவது. முன்னர் 13 ஆக இருந்த தொகையை 1991 ஆம் ஆண்டளவிற் செலவுக் குறைப்பின் பொருட்டு 10 சதவீதம் குறைத்தமையால் வந்த எண் அது. மனிதரை எண்ணி வகுக்கப்பட்ட அளவன்று. கணக்கிலே கழித்துப் பெற்ற மீதி. இத்தொகையை 27 வீரருக்கு மேற்படாது பங்கிடலாம். பங்கு பெறும் ஒவ்வொருவருக்கும் முழுத்தொகையிற் கால்வாசியேனும் கிடைத்தல் வேண்டும் என்பன பிற்பட்ட விதிகள். 11.7 ஐ 27 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு முழுத்தொகையின் 43 சதவீதமே எஞ்சும். அமெரிக்கக் காற்பந்தின் உயர்மட்ட அணிகளிலே 85 பேர் முழுப் புலமைப்பரிசில் பெற்ற அதே காலத்தில், பேஸ்போல் வீரன் தனது கட்டணத்தின் பெரும்பகுதியை வேறிடத்திலே தேட வேண்டியிருந்தது.

அந்த வேறிடம் எது என்பதிலேயே விதியின் உண்மைத் தன்மை வெளிப்படுகின்றது. வீரன் படிப்புத் திறமைக்காகவோ குடும்பத்தின் வறுமைக்காகவோ தனியாக நிதியுதவி பெறலாம். அவ்வுதவி விளையாட்டோடு தொடர்பற்றதாயின் அது 11.7 என்னும் வரம்புக்குள் எண்ணப்படமாட்டாது. முன்னர், உயர்ந்த பள்ளிப் பெறுபேறு போன்ற குறித்த தகைமைகள் இருந்தாலன்றிப் படிப்புக்கான உதவியும் வரம்பிற் சேர்க்கப்பட்டது. 2020 இல் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இதனால் விளைந்தது யாது? சமமான ஆட்டத்திறன் கொண்ட இருவருள் ஒருவனுக்கு நல்ல பெறுபேறு இருந்து படிப்பு உதவியும் கிடைக்குமாயின், அவனைச் சேர்ப்பது பயிற்றுநருக்கு மலிவானது. மற்றவனைச் சேர்ப்பதாயின் அருமையான 11.7 இலிருந்து பெரும்பங்கு கொடுத்தாக வேண்டும். எனவே பந்தடிக்கும் திறமைக்கென வகுக்கப்பட்ட விதி, நல்ல பள்ளியிற் படித்தவனையே நாடுமாறு பயிற்றுநரைத் தூண்டியது. பெருநிதி படைத்து வறிய மாணவருக்குத் தாராளமாக உதவவல்ல தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இதனால் விளையாட்டு மைதானத்திலேயே ஓர் அனுகூலம் கிட்டியது.

மாநில அரசுகளின் உதவித்திட்டங்களும் இவ்வாறே. ஜோர்ஜியா மாநிலம் 1993 இல் லொத்தர்ச் சீட்டு வருமானத்தைக் கொண்டு தொடங்கிய 'ஹோப்' புலமைப்பரிசில் பள்ளிப் பெறுபேற்றை அடிப்படையாகக் கொண்டது. சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் எளியோர். பரிசில் பெறுவோருட் பலர் வசதியுடையோர் என்னும் கண்டனம் அதன்மீது நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவந்துள்ளது.

இவ்விதிகளிலே போற்றத்தக்க ஓர் அம்சமும் உண்டு. வீரன் பட்டத்தை நோக்கி முன்னேறுகிறானா என்பது ஆண்டுதோறும் கணிக்கப்படுகின்றது. இரண்டாம் ஆண்டின் முடிவில் பட்டத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதமும், மூன்றாம் ஆண்டின் முடிவில் 60 சதவீதமும், நான்காம் ஆண்டின் முடிவில் 80 சதவீதமும் நிறைவெய்தியிருத்தல் வேண்டும். இல்லையேல் ஆட முடியாது. உதவி பெறுபவன் இறுதியில் என்ன ஆகிறான் என்பதில் விதி அக்கறை காட்டுகின்றது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு வழக்கின் இணக்கத்தின்படி, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு 11.7 என்னும் வரம்பு நீங்கியது. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் இருத்தலாகாது என்றாயிற்று. அந்த 34 பேருக்கும் முழுத்தொகை வழங்கலாம், வழங்கியே ஆகவேண்டுமென்பதில்லை. செல்வமுள்ள நிறுவனம் வழங்கும், இல்லாதது வழங்காது. அணியின் எண்ணிக்கை குறைந்தமையால், உதவித்தொகையின்றியேனும் ஆடிக்கொண்டு படித்தவர்களுட் சிலருக்கு இடமே இல்லாமற் போயிற்று. பரிசில் பெருகியபொழுதே வாயில் குறுகிய முரண்பாடு இது.

அமெரிக்க எடுத்துக்காட்டிலிருந்து பெறத்தக்க பொதுவிதி ஒன்றுண்டு. எந்த வளம் அரிதோ அதனைப் பங்கிடும் அளவுகோலே உண்மையான புலமைப்பரிசில் விதி. ஏனையவை அதன் அணிகலன்களே. அமெரிக்காவிற் பணம் அரிது. இலங்கையிலோ நிலைமை வேறு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கட்டணம் இல்லாதவிடத்துக் கட்டணத்துக்கான பரிசிலும் வேண்டியதில்லை. இங்கு அரிதாக உள்ளது பல்கலைக்கழக இடமே. ஆகவே இலங்கையின் மிகப் பெரிய புலமைப்பரிசில் எது என்று வினவின், அது மாதாந்தம் வழங்கும் எந்தத் தொகையுமன்று. பல்கலைக்கழக அனுமதியே அதுவாகும்.

இவ்வனுமதியின் வரலாறு தமிழ் மாணவருக்கு அறிமுகம் வேண்டாதது. 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974 இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. அவை எழுப்பிய மனக்கசப்பு இந்நாட்டின் அரசியலையே மாற்றியது. ஆயினும் இதனை யாழ்ப்பாணத்துக் கண்கொண்டு மட்டும் நோக்குதல் முழுமையான நோக்காகாது. மாவட்டப் பங்கீடு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இழப்பாக உணரப்பட்ட அதே வேளையில், மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருக்கோணமலை முதலிய இடங்களுக்கு முன்பு திறவாத வாயிலொன்றைத் திறந்தது என்பதும் உண்மை. தமிழ்ச் சமூகத்தினுள்ளேயே இடத்துக்கிடம் வேறுபாடு இருந்தமையை அது வெளிப்படுத்தியது. இன்று நடைமுறையிலுள்ள முறைப்படி மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்குச் சிறப்பாகவும் பகிரப்படுகின்றன. அப்பதினாறனுள் திருக்கோணமலையும் ஒன்று.

ஈண்டே நமது வினா கூர்மையடைகின்றது. விதி திருக்கோணமலையைக் காண்கின்றது. ஈச்சிலம்பற்றைக் காண்கின்றதா?

திருக்கோணமலை மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் நகரமும் சூழலும் என்னும் பிரிவிலே துறைமுகமும், நீண்ட வரலாறுடைய பெரும் பாடசாலைகளும், தனியார் வகுப்புகளும் உள்ளன. வெருகலும் அதே மாவட்டத்தின் ஒரு பிரிவே. வெட்டுப்புள்ளி இரண்டுக்கும் ஒன்றுதான். பின்தங்கிய மாவட்டம் என்னும் பெயரால் வரும் சலுகையை மாவட்டத்தினுள் முன்னேறிய பாடசாலையின் மாணவனே பெரிதும் எட்டிப் பிடிக்கின்றான். அவனைக் குறைகூறுவதற்கில்லை, அவனும் உழைத்தே பெறுகின்றான். ஆனால் சலுகைக்கு நியாயம் கற்பித்த வறுமை ஓரிடத்தினுடையது. சலுகை சென்றடைந்த இடம் வேறு. பின்தங்கிய ஊர்கள் மாவட்டத்தின் சராசரியைத் தாழ்த்திக் கொடுக்கின்றன; அவ்வாறு தாழ்ந்த சராசரியின் பயனை நகரம் அறுவடை செய்கின்றது.

இதன் காரணம் பாடசாலை அமைப்பிலேயே தங்கியுள்ளது. இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1 ஏபி தரப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 1 சி தரப் பாடசாலையிற் கலையும் வர்த்தகமும் உண்டு. இரண்டாந் தரப் பாடசாலை பதினோராம் வகுப்போடு முடிகின்றது. இவ்வாறிருக்க, மருத்துவ, பொறியியற் பீடங்களின் மாவட்டப் பங்கீடு என்பது பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கப்படாத பாடசாலையின் மாணவனுக்கு எப்பொருளைத் தரும்? சமைத்த சோற்றைச் சரியாகப் பங்கிடுவதைப் பற்றி வாதிடுகின்றோம். பந்திக்கு வரவே வழியில்லாதவனைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊரின் அண்மைய வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2006 இல் மாவிலாற்றுப் பிணக்கோடு மூண்ட போரிலே மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் சென்றனர். 2007 இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. அவ்வாண்டுகளில் ஐந்தாம் வகுப்பு வயதினராக இருந்த பிள்ளைகள் 2014, 2015 ஆம் ஆண்டளவில் உயர்தரப் பரீட்சையை எதிர்கொண்டிருப்பர். அவர்களது விடைத்தாளும் நகரத்துப் பிள்ளையின் விடைத்தாளும் ஒரே மாவட்டத்தின் தாள்களாகவே எண்ணப்பட்டன. முகாமிற் கழிந்த பள்ளி நாட்களுக்கு இசட் புள்ளியில் இடமில்லை.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் இக்குறையை ஈடுசெய்கின்றது எனச் சிலர் கூறுவர். கிராமத்து மாணவரை மத்திய பாடசாலைகளுக்குக் கொணர்வதே அதன் மூலநோக்கம். நோக்கம் உயர்ந்தது. கிழக்கிலே வந்தாறுமூலை மத்திய பாடசாலையின் வளாகத்திலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தமை அந்நோக்கத்தின் அழகான விளைவு எனலாம். கிராமத்தை நோக்கிப் பள்ளி வந்தது. பள்ளியைத் தொடர்ந்து பல்கலைக்கழகமும் வந்தது. ஆனால் காலப்போக்கில் அப்பரீட்சை திசைமாறியது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பத்து வயதிற் கிராமத்திலிருந்து பிரித்தெடுத்து நகரத்துப் பிரபல பாடசாலைக்கு அனுப்பும் கருவியாக அது இன்று விளங்குகின்றது. பிள்ளை உயர்கின்றது, கிராமப் பாடசாலை மேலும் மெலிகின்றது. அப்பாடசாலையில் எஞ்சிய பிள்ளைகளுக்கு எந்தப் பரிசிலும் இல்லை. பத்து வயதிற் காணப்படாத திறமை பதினாறு வயதில் முகிழ்த்தால் அதைக் காண விதியில் இடமில்லை.

மகாபொல நிதியம் பிறிதொரு நிலையில் வருகின்றது. லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிதியம், வர்த்தகக் கண்காட்சிகளாலும் லொத்தர் வருமானத்தாலும் வளர்ந்தது. ஜோர்ஜியாவின் திட்டத்தோடு மூலதனத்தில் ஒற்றுமை இருப்பினும், பெற்றோரின் வருமானத்தையும் கருத்திற் கொள்வதால் மகாபொல அதனினும் நீதியானது. மாதாந்தம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 7,500 ரூபாவாக உயர்த்த 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. ஏழை மாணவர் பலர் பட்டம் பெற இந்நிதி உதவியுள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும் அது பல்கலைக்கழகத்தினுட் புகுந்தவனுக்கே உரியது. ஆற்றைக் கடந்தவனுக்கு அக்கரையிற் கிடைக்கும் உதவி அது; ஓடமில்லாது இக்கரையில் நிற்பவனை அது அறியாது.

விளையாட்டின் நிலை என்ன? கல்விசாரா துறைகளிலே தேசிய, சர்வதேச மட்டங்களிற் சிறந்து விளங்கியோரைச் சிறப்பு ஏற்பாட்டின் கீழ்ச் சேர்த்துக்கொள்ள நமது பல்கலைக்கழக அனுமதி விதிகளிலும் இடமுண்டு. ஆனால் தேசிய மட்டம் என்பது ஓர் ஏணியின் உச்சிப்படி. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்னும் படிகளை ஏறியே அதனை அடைதல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பயிற்றுநர், பாதணி, பேருந்துக் கட்டணம் தேவை. இங்கும் விதி காண்பது ஏறி முடித்தவனையே. எல்லே ஆடும் கிராமத்துப் பிள்ளையின் கைத்திறன் மாகாண மட்டத்தோடு நின்றுவிடுமாயின் அனுமதி விதியில் அதற்குப் பெயரேயில்லை. அமெரிக்கப் பயிற்றுநன் வீரனைத் தேடிச் சிற்றூர்களுக்கும் செல்கின்றான். அவனது நோக்கம் வெற்றியே ஆயினும், தேடிச் சென்று காண்கிறான் என்பது மெய். நமது முறையிலோ தேடிச் செல்வார் எவருமில்லை.

இவ்வாறு கூறுமிடத்து இரு மறுப்புகள் எழுதல் இயல்பு. மாவட்டப் பங்கீட்டைக் குறைகூறுவது தூய திறமையடிப்படைக்குத் திரும்புவோரின் வாதத்துக்கு வலுவூட்டும் என்பது ஒன்று. அவ்வாறன்று. திறமை மட்டுமே அளவுகோலாயின் ஈச்சிலம்பற்று மட்டுமன்றித் திருக்கோணமலையே பெரும்பாலும் மறைந்துபோகும். மாவட்டம் என்னும் கண்ணாடி மங்கலானது என்பது வாதம். அதை எறிந்துவிட்டுக் குருடாவோம் என்பதன்று. சிறிய பிரிவுகளை அலகாகக் கொள்வது நிர்வாகத்துக்கு இயலாது, மோசடிக்கும் இடமளிக்கும் என்பது மற்றொன்று. இது கருத்திற் கொள்ளத்தக்கதே. நகரத்துப் பெற்றோர் பரீட்சைக்காக மட்டும் பிள்ளையைப் பின்தங்கிய பாடசாலையிற் பதிவுசெய்யும் வழக்கம் மாவட்ட மட்டத்திலேயே அறியப்பட்டதொன்று. ஆயினும் ஆறாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை ஒரே கோட்டத்தின் பாடசாலைகளிற் கற்றிருத்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தால் அவ்வழி பெரிதும் அடைபடும். எட்டாண்டுகள் கிராமத்துப் பாடசாலையிற் பிள்ளையை இருத்த ஒரு நகரத்துத் தந்தை முன்வருவாராயின் அது அப்பாடசாலைக்கு நன்மையே.

புதிய அளவுகோலைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. அரசிடம் அது ஏற்கனவே உண்டு. ஆசிரியர் இடமாற்றத்தின்பொருட்டுப் பாடசாலைகள் மிக வசதியானவை முதல் மிகக் கஷ்டமானவை வரை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. கஷ்டப் பிரதேசத்திற் கடமையாற்றும் ஆசிரியருக்குக் கொடுப்பனவு உண்டு. குறித்த காலம் சேவையாற்றியபின் இடமாற்றம் கோரும் உரிமையும் உண்டு. அங்கே சில ஆண்டுகள் கற்பிப்பது கஷ்டம் என அரசு ஏற்றுக்கொள்கின்றது. அதே பாடசாலையிற் பதின்மூன்று ஆண்டுகள் கற்பது கஷ்டம் என்பதை மட்டும் அது ஏற்றுக்கொள்வதில்லை. ஆசிரியரை அனுப்பும்பொழுது தெரியும் கஷ்டம் மாணவரை அழைக்கும்பொழுது மறக்கப்படுகின்றது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்தை, அம்மாவட்டங்களின் கஷ்டப் பாடசாலைகளிற் கற்றோருக்கே உரியதாக்குவதற்குப் புதிய இடமொன்றுகூடத் தேவையில்லை. எந்த மாவட்டத்தின் பங்கும் குறையாது. தேவைப்படுவது பட்டியலொன்றை மேசையொன்றிலிருந்து மற்றொரு மேசைக்கு எடுத்துச் செல்லுதல் மாத்திரமே.

அதனோடு மற்றொன்றும் வேண்டும். உதவி பெற்றோர் பட்டத்தை எய்துகின்றனரா என்பதை ஆண்டுதோறும் நோக்கும் அமெரிக்க வழக்கத்தை நாமும் கொள்ளலாம், தண்டிப்பதற்காகவன்று, தாங்குவதற்காக. ஆங்கிலமும் கணினியும் பழகாது வரும் கிராமத்து மாணவன் முதலாண்டிலே தடுமாறின், அது அவனது தகுதியின்மையென எழுதப்படுகின்றது. வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே விளக்கேற்றாமல் விடுவதும் காணாமையின் ஒரு வகையே.

பெருஞ்சித்திரனாருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. காணாது தந்த பொருளை வேண்டாவென்று சொல்லி மற்றொரு வள்ளலை நாடி அவர் செல்லலாம். ஈச்சிலம்பற்றின் மாணவனுக்கு மற்றொரு வள்ளல் இல்லை. அவனுக்குள்ள அரசு ஒன்றே. அதன் விதியும் ஒன்றே. ஆகையால் அவன் மறுத்துச் செல்ல வேண்டும் என்பதன்று. விதியே அவனைக் காணக் கற்றுக்கொள்ளல் வேண்டும். வெருகல் ஆற்றங்கரையில் மாலைப்பொழுதிற் பந்தடிக்கும் பிள்ளையும், விளக்கடியிற் புத்தகம் விரிக்கும் பிள்ளையும் மாவட்டம் என்னும் பெரும் பெயரினுள் மறையாமல், தத்தம் பாடசாலையின் பெயராலேயே எண்ணப்படும் நாளிற்றான் பரிசில் என்னும் பழஞ்சொல் தன் பொருளை மீளப் பெறும்.